ஒழுங்கை முழுவதும் ஒரு முழங்கால்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஐப்பசி மாதக் கிளினிக்கில் ஓர் அம்மாவின் இடது முழங்காலை அளந்தேன். எழுபது பாகைக்கு மேல் மடங்கவில்லை.
2. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் இளக்குவதற்குப் பத்துப் பயிற்சிகளைப் படம் கீறி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.
3. கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது அவர் நான்கைத்தான் செய்துகொண்டிருந்தார்.
4. மிச்சம் ஆறையும் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தார்.
5. மார்கழி முழுவதும் அந்த ஆறையும் வீடு வீடாகப் போய்ச் செய்தார்.
6. தையில் முழங்கால் வீங்கியது.
7. மாசியில், சிவராத்திரியன்று, குடத்தோடு பாலாவித் தீர்த்தத்தின் படிகளில் இறங்கினார்.

வேலைக் குறிப்புக்கு இது போதும். ஆனால் இப்படி வரிசையாக எழுதினால் முழங்கால்தான் வருகிறது, அவர் வரவில்லை.

பெயரை எழுதப்போவதில்லை. நோயாளியின் அட்டையில் இருக்கிற பெயர் அட்டையோடு இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அவர் குடியிருந்த குறுந்தெருவிலும், அந்த ஒழுங்கை முழுவதிலும், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த, ட்ரக்டர் வைத்திருந்த ஐயாவும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவ குடுக்கிற ஆள், நான் வாங்கிற ஆள். வாங்கிறவன் தம்பிதானே மிஸ்" என்றார்.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். உயரம், ஒல்லி. நடக்கும்போது இடது கால் மடங்காமல் வெளியே அரைவட்டம் போட்டுத் திரும்பி வரும், கவராயத்தின் பென்சில் முனை போல. அந்த நடையோடு அவர் எங்கே போனாலும் கையில் ஏதாவது இருக்கும், வரும்போது இருக்காது. தேங்காய்ப் பாதி, முருங்கையிலைப் பிடி, தீப்பெட்டியில் இருந்து எண்ணாமல் அள்ளிய குச்சிகள். "தனியத் திண்டால் செமிக்காது" என்பது அவர் சொல்லும் ஒரே பழமொழி. அதை அவர் தீக்குச்சிக்கும் சொன்னார்.

நான் இயன்மருத்துவம் படித்து முடித்து மன்னாருக்கு வேலைக்கு வந்து அப்போது ஓராண்டு ஆகவில்லை. மாதத்தில் ஒரு நாள் நறுவிலிக்குளப் பக்கத்துக் கிராமங்களுக்கு வாகனத்தில் போவோம். சனம் மீளக் குடியேறிக்கொண்டிருந்த காலம். வயல்களில் பற்றை வெட்டி முடியவில்லை. பொதுநோக்கு மண்டபத்துக்குக் கூரை இருந்தது, கதவு இல்லை. இருக்க இரண்டு வாங்குகளையும் ஒரு மேசையையும் இழுத்துப் போட்டுக் கிளினிக் நடத்தினோம்.

முதல் நாள் அவருக்குக் கொடுத்த இலக்கம் மூன்று. அவர் என் முன்னால் வந்து இருந்தபோது கையில் இருந்த துண்டு பத்தொன்பது.

"அம்மா, மூண்டாம் நம்பரைக் கூப்பிட நீங்கள் வரேல்லையே?"

"மூண்டை ஒரு பிள்ளைக்காரிக்குக் குடுத்தனான். அவவின்ரை ஏழாம் நம்பரை இன்னொருத்தருக்கு. பேந்து பாத்தால் பத்தொன்பதுதான் கையிலை நிக்குது. பரவாயில்லைப் பிள்ளை, முழங்கால் எங்கையும் ஓடாது."

முறைப்பாகப் பேசினால் என்னை மிஸ் என்பார், மற்றபடி பிள்ளை. கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு நாங்கள் பிசுக்கோத்துப் பக்கற் ஒன்று கொடுப்போம். அவர் தன்னுடையதை என் மேசையில் வைத்தே உடைத்து, எனக்கு இரண்டு, சாரதிக்கு இரண்டு, அட்டை எழுதுகிற தங்கச்சிக்கு இரண்டு என்று வைத்துவிட்டுத்தான் காலை நீட்டினார்.

எங்கள் படிவத்தில் 'நோயாளியின் இலக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் நோகாமல் நடக்க வேண்டும் என்பார்கள், நானும் அதையே எழுதிக்கொண்டு போவேன். அவர் மட்டும் இப்படிச் சொன்னார்:

"பாலாவியிலை படி இறங்கி, குந்தி, ஒரு குடம் தண்ணி அள்ளி, எழும்பி, கொண்டுபோய் ஊத்த வேணும்."

இறங்க, குந்த, அள்ள, எழும்ப, சுமக்க, ஊற்ற. ஆறு வினைச்சொற்கள். கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்திலும் எழுதினேன்.

நான் வேதக்கார வீட்டில், மாதா கோயிலடியில் பிறந்தவள். அதனால் விளக்கமாகக் கேட்டேன். திருக்கேதீஸ்வரச் சிவன் கோயிலில் சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவிக் குளத்தில் தாங்களே தண்ணீர் அள்ளி, வரிசையில் சுமந்துபோய், மகாலிங்கத்தின் மேல் தங்கள் கையாலேயே ஊற்றுவார்கள். கடைசி இடப்பெயர்வில் அவர் ட்ரக்டர்ப் பெட்டியின் விளிம்பில் இருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்தது. உள்ளே இருந்த தன் இடத்தை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு விளிம்புக்கு வந்திருந்தார். விழுந்து கிடந்தபோது வைத்த நேர்த்தி இது: ஊருக்குத் திரும்பிக் காலடி வைத்தால், வருகிற சிவராத்திரிக்கு என் கையால் ஒரு குடம்.

"எல்லாரும் செம்பிலைதானே கொண்டு போறவை அம்மா? செம்பெண்டு நேர்ந்திருக்கலாமே?"

"ரோட்டிலை தொடை உடைஞ்சு கிடக்கேக்கை செம்போ குடமோ எண்டு ஆர் பிள்ளை யோசிக்கிறது? வாயிலை குடம் வந்திட்டுது."

பிறகு வந்த மாதங்களில் பிளாஸ்டர் கட்டு காலில் அதிக நாள் இருந்துவிட்டது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் முழங்கால் இறுகிப்போயிற்று. கணுக்காலும் கூடவே இறுகியது. குந்துவதற்கு முழங்கால் மட்டும் மடங்கினால் போதாது. கணுக்கால் மடங்கிக் குதி நிலத்தில் நிற்க வேண்டும், இடுப்பு திறந்து தொடைகள் விலக வேண்டும். மூன்றில் ஒன்று மறுத்தாலும் ஆள் பின்னால் விழும். இதை அவருக்கு விளங்கப்படுத்திவிட்டுத்தான் பத்துப் பயிற்சிகளையும் எழுதினேன். அந்தத் தாளில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் படம், எத்தனை தரம், எத்தனை எண்ணும்வரை பிடித்திருப்பது, எங்கே நோகலாம், எங்கே நோகக் கூடாது, எல்லாம் இருந்தன.

கார்த்திகையில் கிளினிக் நேரத்தோடு முடிந்ததால் வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்தால், முற்றத்தில் பாயில் அவருடைய கணவர் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தார். என்னைக் கண்டதும் கீழே இறக்குவதா அப்படியே நிற்பதா என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றார். அது என் தாளில் எட்டாவது பயிற்சி.

"ஐயாவுக்கு இடுப்பிலை ஏதும் வருத்தமோ?"

"அவருக்கு ஒண்டுமில்லை" என்றார் அம்மா. "அது அவரின்ரை பங்கு."

தாள் எங்கே என்று கேட்டேன். தாள் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரியின் கத்தரிக்கோலால் அதைப் பத்துத் துண்டாக வெட்டியிருந்தார். நான்கு துண்டுகள் அரிசிப் பானை மூடியின் கீழ் இருந்தன. ஒன்று பாயில் கிடந்தவரிடம், மிச்சம் ஐந்தும் ஒழுங்கையில் இருந்தன.

"பத்தையும் நானே வைச்சிருக்கிறதோ மிஸ்? அயலிலை ஆருக்குத்தான் கால் நோவில்லை?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிவாரண அரிசியைச் சுண்டால் அளந்து பிரிக்கிற மாதிரி மருந்துத் தாளையும் பிரித்துவிட்டார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமல், இது எல்லாம் ஒரே ஆளுக்கானது, பாதி செய்தால் பயன் இல்லை, மற்றவர்களின் காலுக்கு இது சரிவராமலும் போகலாம் என்று மூன்று காரணங்கள் சொன்னேன். பிறகு, யாருக்கு எது கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கினேன். எழுத எழுத என் பேனா மெதுவானது.

சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது தையல்காரிக்கு. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது ட்ரக்டர் ஐயாவுக்கு. கட்டில் விளிம்பில் படுத்துக் காலைத் தொங்கவிடுவது முன்வீட்டுக்கு. படி ஏறி இறங்குவது மூலை வீட்டுக்கு. கதவு நிலையில் கயிறு கட்டிப் பிடித்துக் குந்துவது அதற்கு அடுத்த வீட்டுக்கு.

நான் நிமிர்ந்து அவர் வீட்டைப் பார்த்தேன். நிலத்தில் நட்ட நான்கு மரக்கப்பு, நான்கு பக்கமும் தகரம், தரையில் மண். சுவர் இல்லை. தகரத்தில் கை ஊன்றித் தள்ளினால் தகரம் போய்விடும். கதிரை இல்லை, கட்டில் இல்லை, படி இல்லை, வாசலில் நிலை இல்லை, சாக்குத் தொங்கியது. அவர் வைத்துக்கொண்ட நான்கும் துவாயும் பாயும் இருந்தால் செய்யக்கூடியவை.

"குறை நினையாதேங்கோ பிள்ளை" என்றார், இப்போது மெதுவாக. "நீங்கள் கீறின வீடு எங்களுக்கு இன்னும் வரேல்லை. சுவர் உள்ளவைக்குச் சுவர்ப் பயிற்சியைக் குடுத்தன். சும்மா பானைக்குக் கீழை கிடந்து என்ன செய்ய?"

"அப்ப ஐயாவுக்கு எட்டாவதை ஏன் குடுத்தீங்கள்? அதுக்குப் பாய் ஒண்டே காணுமே?"

"அது படுத்துக்கொண்டு செய்யிறது. அவருக்கு அதுதான் ஒத்துவரும்."

பாயில் எழும்பி உட்கார்ந்திருந்த கணவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "போன மாசம் எனக்கு உடுக்க வந்த புதுச் சாரத்தை அடுத்த நாளே குடுத்திட்டா. நல்லகாலம் மிஸ், நான் இன்னும் இஞ்சைதான் கிடக்கிறன்."

"உங்களை ஆர் கேட்டவை?" என்றார் அம்மா.

அவருடைய தாராளத்தில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்தது, அதையும் எழுத வேண்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்கச் சொன்னேன், துண்டுகளைச் சேர்த்துத் தந்தால் புதுத் தாள் எழுதித் தருகிறேன் என்றேன். முகம் இறுகிவிட்டது. கொடுத்த கையால் திருப்பிக் கேட்பதைவிடக் கால் மடங்காமலே இருக்கலாம் என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே சொன்னார். சிவராத்திரிக்கு மூன்று மாதம்தான் இருந்தது. கணுக்காலும் இடுப்பும் இளகாமல் அவர் குந்தப்போவதில்லை, அவற்றை இளக்குகிற பயிற்சிகள் எல்லாம் மற்றவர்கள் கையில் இருந்தன.

வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கொஞ்ச நேரம் துவாயை மடித்து மடித்து விரித்துவிட்டுச் சொன்னார்:

"திருப்பிக் கேக்கிறது சரியில்லை. ஆனா கைமாத்தாக் கேக்கலாம்."

மார்கழியில் அவரது காலை இப்படித்தான் போனது. விடிந்து வெளிச்சம் வந்ததும் பாயில் நான்கு. பிறகு கவராயக் காலோடு மழைச் சேற்றில் ஒழுங்கையில் இறங்குவார். தையல்காரி வீட்டில் சுவர். ட்ரக்டர் ஐயா வீட்டில் கதிரை. முன்வீட்டில் கட்டில். மூலை வீட்டில் படி. கடைசி வீட்டில் கயிறு. வீட்டுக்குத் திரும்பி, கணவர் எழும்பியதும் அந்தப் பாயில் எட்டாவது. போகிற வீட்டில் ஐந்து நிமிடம் இருந்து கதைப்பார், ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பார், அந்த வீட்டுக்காரரும் தங்கள் பங்கைக் கூடவே செய்வார்கள். ஓர் இயன்மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்று எழுதினால் பத்து நிமிடம்தான் நடக்கும். இங்கே இரண்டு மணித்தியாலம் நடந்தது.

அந்த மாதம் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். தையல்காரி தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடம் இருந்து திரும்பியவர். அவருடைய பேச்சில் அந்தக் கரையும் இந்தக் கரையும் கலந்திருக்கும்.

"நல்லா அமுக்கிப் பிடிங்கக்கா, ஆனா சுவரைத் தள்ளிடாதீங்க. முந்தாநேத்துத்தான் பூசினது."

"விழுந்தால் பூசித் தாறன், பொத்திக்கொண்டு உன்ரை காலை நீட்டு."

"எனக்கு நீட்டினா முப்பதுதான் எண்ண வருது. அதுக்குள்ள மெஷின் கூப்பிடுது."

"மெசின் கூப்பிடேல்லை. உனக்குத்தான் செய்யப் பஞ்சி."

ட்ரக்டர் ஐயாவின் வீட்டில் கதிரை ஒன்றுதான், அதில் அவர்தான் இருப்பார். அக்கா வந்தால் எழும்பி நிற்க வேண்டும். ஐயாவே எண்ணவும் வேண்டும் என்பது ஒப்பந்தம். எண்ணும்போது விதைநெல் விலை, மழை, மகளின் கடிதம் என்று இடையில் கதை வரும், ஆறுக்குப் பிறகு திரும்பவும் நாலு வரும். "பத்துக்குப் பதினைஞ்சு எழும்பினன் பிள்ளை, இந்த மனிசனாலை" என்று அம்மா என்னிடம் முறையிட்டார். ஐயா சொன்னார், "அக்கா எழும்பி முடியுமட்டும் நானும் நிக்கிறன். எனக்கும் குனிஞ்சால் பிடிக்கிற நாரி நோவு குறைஞ்சிருக்கு. மிஸ், இதுக்கும் அட்டை போட ஏலுமோ?"

நான் கோணமானியால் அளந்தேன். எழுபது எண்பத்தெட்டாகியிருந்தது, பிறகு நூற்றிரண்டு. அவர் என் பாகைகளை நம்பவில்லை. கயிற்றைப் பிடித்துக் குந்தி, தூக்கி நிற்கிற இடது குதிக்கும் நிலத்துக்கும் நடுவே அந்த வீட்டாரை விரல் வைத்துப் பார்க்கச் சொல்வார். முதலில் நான்கு விரல் போனது. மார்கழிக் கடைசியில் இரண்டு. அட்டையில் நான் பாகையும் எழுதி, விரலும் எழுதினேன்.

தையில் நெல் வெட்டுத் தொடங்கியது. தையல்காரிக்கு அரை ஏக்கர் வயல் இருந்தது. அதன் ஒரு மூலை சேறு, மிசின் இறங்காது, கையால்தான் வெட்ட வேண்டும், ஆள் கிடைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அக்கா தானாகவே அரிவாளோடு போய், இரண்டு நாள் சேற்றில் குனிந்து நின்று வெட்டினார். மூன்றாம் நாள் முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. கிளினிக்குக்கு ட்ரக்டர்ப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

நோயாளியிடம் நான் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

"இந்தக் காலையும் பங்கு வைச்சுக் குடுத்திட்டீங்களோ அம்மா? மூண்டு மாசமா இளக்கினது. ரெண்டு நாளிலை பழைய இடத்துக்குப் போட்டுது."

தையல்காரி பின்னால் நின்று அழத் தொடங்கிவிட்டார். "நான் வேணாம்னு சொன்னேன் மிஸ். கேக்கல."

அம்மா வீக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். நான் எண்பது பாகை என்று எழுதினேன். கீழே, 'இவ்வருடம் படி இறங்கிக் குந்துவது நல்லதல்ல' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன். நேர்த்தியைத் தள்ளிவைக்கலாமே என்றேன். தள்ளிவைக்க மனமில்லாவிட்டால் யாராவது தண்ணீரை அள்ளிக் கொடுக்கட்டும், லிங்கத்தடியில் வாங்கி ஊற்றலாமே என்றேன்.

"நான் அள்ளித் தாறன்" என்றார் கணவர். "நீர் ஊத்தும்."

அவர் கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சோறெண்டால் நீங்கள் சாப்பிட எனக்குப் பசியாறும். இது அப்பிடியில்லை. இது நான் வாயாலை சொன்னது."

அதுவரை அவர் எதையும் என்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அட்டையை மூடி வைத்தேன். அவர் முடிவெடுத்துவிட்டார், இனி என் வேலை அது பாதுகாப்பாக நடக்கப் பார்ப்பதுதான் என்று விளங்கியது. ஒரு கிழமை ஓய்வு, பிறகு பாயில் செய்கிற நான்கு, பிறகு மெதுவாக மற்றவை. இந்த முறை அவர் எந்த வயலுக்கும் போகவில்லை. தையல்காரி காவல் இருந்தார். கூடைக்கு மேல் கூடையாக வீடுகளில் இருந்து சாப்பாடு வந்தது. வாங்கிப் பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் பிரித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

சிவராத்திரிக்கு முதல் கிழமை நான் பாலாவிக்குப் போய்ப் படிகளைப் பார்த்தேன். எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், எதில் பாசி, எந்தப் பக்கம் பிடிக்க இடம் உண்டு என்று குறித்துக்கொண்டேன். அவரிடம் சில விதிகளைப் பாடமாக்கச் சொன்னேன்: இறங்கும்போது நோகிற கால் முதல், ஏறும்போது நல்ல கால் முதல். தண்ணீர் விளிம்பில் உடனே குந்த வேண்டாம், இரண்டு காலும் சமமாக நின்ற பிறகு குந்த வேண்டும். எழும்பும்போது பாரத்தை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். இப்படி எட்டு. எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லிக் காட்டினார்.

அன்று காலை நல்ல சனம். நான் கரையில் நின்றேன். கணவரும் தையல்காரியும் இரண்டு படி மேலே நின்றார்கள். அம்மா எவர்சில்வர் குடத்தோடு இறங்கினார். நோகிற கால், நல்ல கால். நோகிற கால், நல்ல கால். விளிம்பில் நின்றார். சமப்படுத்தினார். குந்தினார். இடது குதி நிலத்தில் இருந்து இரண்டு விரல் தூக்கி நின்றது, ஆனால் அவர் விழவில்லை. குடத்தைச் சரித்தார், தண்ணீர் உள்ளே போகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கேட்டது போல இருந்தது. நிறைந்தது.

எழும்பினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு தரம் முயன்றார். முழங்கால் நடுங்கித் திரும்பவும் கீழே விட்டது.

அப்போதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. மூன்று மாதமும் அவரைக் கயிற்றைப் பிடித்தும் கதிரையில் இருந்தும் வெறுங்கையோடுதான் எழும்பப் பழக்கினேன். நிறைகுடத்தோடு ஒருநாள்கூட எழும்பிப் பார்க்கவில்லை. ஆறு வினைச்சொற்களையும் தனித்தனியாக எழுதியவள், சுமப்பதையும் எழும்புவதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

பின்னால் வரிசை தேங்கியது. பக்கத்தில் குந்தியிருந்த ஒருவர் கையை நீட்டினார். "அம்மா, குடத்தைத் தாங்கோ, மேலை ஏறினதும் தாறன்." அவர் தலையை ஆட்டி மறுத்தார். கணவர் ஒரு படி இறங்கினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன், வேதக்காரி பாலாவிப் படியில் கால் வைக்கலாமா என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

அவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்துக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சரித்து, தண்ணீரில் பாதியைப் பாலாவியிலேயே ஊற்றினார். குடத்தை வலது இடுப்பில் வைத்து, வலது காலில் பாரத்தைக் கொடுத்து, மூச்சை விட்டுக்கொண்டு எழும்பினார். நின்றார். நல்ல கால், நோகிற கால் என்று மேலே வந்தார்.

தையல்காரி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். "அரைக்குடம்தானே அக்கா இருக்கு."

"ஓம், அரைதான். மிச்ச அரைக்கும் வருவன்."

வரிசையில் போய், லிங்கத்தின் மேல் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தோடு வெளியே வந்து, பாலாவி வரிசையின் கடைசியில் திரும்பவும் நின்றார். அந்த வரிசையில் அவரை முன்னுக்கு விட எத்தனையோ பேர் கேட்டார்கள், ஒருவரின் இடத்தையும் வாங்கவில்லை. வெயில் ஏறியது. கணவர் குடை பிடித்தார். ஏறக்குறைய நடுப்பகலில் இரண்டாம் முறை இறங்கி, குந்தி, அரைக்குடம் அள்ளி, ஒரே எழும்பலில் எழும்பினார்.

திரும்பி வந்தபோது முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, வீக்கம் இல்லை. நேர்த்தி சரிதானா என்று கேட்டேன். எனக்கு அந்த விதிகள் தெரியாது.

"ஒரு குடம் எண்டுதான் சொன்னனான் பிள்ளை" என்றார், சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே. "ஒரே நடையிலை எண்டு சொல்லேல்லை."

இப்போது நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். அவரைக் கடைசியாக அளந்தபோது முழங்கால் நூற்றுப் பன்னிரண்டு பாகை மடங்கியது. அதற்கு மேல் மடங்காது என்று சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றார். இடது குதி இன்னும் ஒரு விரல் தூக்கித்தான் நிற்கிறது. வயலில் குந்திக் களை பிடுங்குகிறார், ஒரு நேரத்துக்கு அரை மணித்தியாலம் தாங்குகிறது. அட்டை மூடப்பட்டுவிட்டது.